ரத்தசோகை உள்ள வீட்டுக்கு முருங்கை: ஒரு நர்சம்மா சொல்லும் வழிமுறை

ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில் முருங்கை இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோட்டத்தில் வரிசையாக நிற்கும், கிணற்றடியில் ஒன்று, மாட்டுக்கொட்டகை ஓரத்தில் இன்னொன்று. காய் மூட்டை மூட்டையாகச் சந்தைக்குப் போகும், தழை ஆட்டுக்குப் போகும். அதே வீட்டு மருமகளுக்கு விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் எட்டரை, ஒன்பது என்று இருக்கும். கிராம சுகாதார செவிலியராக நான் வேலை பார்த்த காலம் முழுக்க இதைப் பார்த்தேன். 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்!

ஊரில் என்னை இன்னமும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். "நர்சம்மா, முருங்கைக்கீரை தின்னா ரத்தம் ஊறுமா?" என்று கேட்காத வாரம் இல்லை. ஊறுவதற்கு உதவும். ஆனால் எவ்வளவு கீரை, அதை எப்படிச் சமைக்கிறோம், கூட என்ன சாப்பிடுகிறோம், கடைசியில் யார் தட்டில் அது விழுகிறது, இந்த நான்கையும் பார்க்காமல் வெறுமனே "ஊறும்" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வராது. இன்னொன்று, முருங்கையைப் பற்றி இப்போது போனில் வரும் செய்திகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. முந்நூறு நோய்க்கு மருந்து என்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியைக் கரைத்துக் குடிக்கிற கர்ப்பிணிகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் கணக்கு

உருவிய பச்சை முருங்கை இலை 100 கிராமில் இரும்புச்சத்து 4 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. மாதவிடாய் வருகிற வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம், ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து உணவில் வேண்டும் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் கொடுத்த பரிந்துரை சொல்கிறது. ஒருவர் ஒரு வேளைக்குச் சாப்பிடுகிற கீரை 50 கிராம் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 2 மில்லிகிராம் சொச்சம். அதிலும் கீரை, தானியம் போன்றவற்றில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூட உடம்பு எடுத்துக்கொள்வதில்லை.

இதைச் சொன்னதும் சிலருக்கு முகம் வாடிவிடும். வாட வேண்டியதில்லை. அதே 50 கிராம் இலையில் 3 கிராம் புரதம் இருக்கிறது, கீரை வகையில் இது அதிகம். கால்சியம் நிறைய. வைட்டமின் ஏ ஆக மாறுகிற பீட்டா கரோட்டின் ஏராளம். வைட்டமின் சி பச்சை இலையில் நிறையவே இருக்கிறது, சமைக்கும்போது ஒரு பகுதி போய்விடும், அதை எப்படிச் சரிக்கட்டுவது என்று பிறகு சொல்கிறேன். நார்ச்சத்தும் உண்டு. ரத்தம் ஊற இரும்பு மட்டும் போதாது, புரதமும் வைட்டமின்களும் சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும். வீட்டு வாசலில் காசில்லாமல் கிடைக்கிற ஒரே இலையில் இத்தனையும் சேர்ந்திருப்பதுதான் முருங்கையின் பெருமை. பொய்யான பெருமை அதற்கு எதற்கு?

பசலைக்கீரையைவிட 25 மடங்கு இரும்பு, ஆரஞ்சைவிட 7 மடங்கு வைட்டமின் சி என்று பொடி டப்பாக்களில் அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இரும்புக் கணக்கு, தண்ணீர் வற்றிய உலர்பொடியைத் தண்ணீர் நிறைந்த பச்சைக் கீரையோடு எடைக்கு எடை ஒப்பிட்டுப் போட்டது. 100 கிராம் பொடியில் 28 மில்லிகிராம் அளவு இரும்பு இருக்கும், உண்மைதான். ஆனால் யார் 100 கிராம் பொடி தின்னப்போகிறார்கள்? ஒரு டீஸ்பூனில் 3 கிராம்கூட வராது. இரும்பு 1 மில்லிகிராமுக்குக் கீழே. வைட்டமின் சி கணக்கோ பச்சை இலைக்கு உரியது. காய்ந்து பொடியாகும்போது அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஒரே டப்பாவில் ஒரு கணக்கு காய்ந்ததற்கு, இன்னொரு கணக்கு பச்சைக்கு.

முருங்கைக்காயில் வைட்டமின் சி நன்றாக இருக்கிறது, இரும்பு 100 கிராமுக்கு 1 மில்லிகிராம்கூட இல்லை. சாம்பாரில் காயைச் சப்பிவிட்டு இரும்புச்சத்து சேர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ரத்தத்துக்கு இலைதான்.

ஆகவே ஹீமோகுளோபின் குறைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தால், கீரையோடு மாத்திரையும் போட்டே ஆக வேண்டும். கர்ப்பிணிக்கு அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. 180 நாள் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு, அந்த நேரத்துத் தேவையைச் சாப்பாட்டில் மட்டும் எட்டிப்பிடிக்க முடியாது. மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். அது இயல்பு, அதற்குப் பயந்து நிறுத்தாதீர்கள். வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்ட பிறகு போடுங்கள், இல்லையென்றால் இரவு படுக்கும்முன் போடுங்கள். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள், ஒன்று மற்றதைத் தடுக்கும். ஒன்று மதியம், ஒன்று இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இலை பறிப்பதும் உருவுவதும்

முருங்கைக்கீரை பல வீடுகளில் அடுப்புக்கு வராததற்குக் காரணம் ருசி இல்லை, உருவுகிற வேலை. அதற்கு என் மாமியார் காட்டிய வழியையே இன்றும் செய்கிறேன். சாயங்காலம் கொத்தை ஒடித்து வந்து, ஈரம் இல்லாமல் ஒரு பருத்தித் துணியில் இறுக்கிச் சுற்றி மூலையில் வைத்துவிடுங்கள். காலையில் துணியைப் பிரித்து உதறினால் இலை முக்கால்வாசி தானாக உதிர்ந்திருக்கும். மீதியைப் பத்து நிமிடத்தில் உருவிவிடலாம். ஒரு இரவுக்கு மேல் வைக்காதீர்கள், மஞ்சள் பூத்துவிடும். பறித்தவுடன் சமைத்தால் வைட்டமின் சி இன்னும் கொஞ்சம் மிஞ்சும், மறுக்கவில்லை. ஆனால் உருவச் சலித்து ஆட்டுக்குப் போடுவதைவிட, ஒரு இரவு துணியில் இருந்து தட்டுக்கு வருவது எவ்வளவோ மேல்.

கொழுந்துக்கும் முற்றலுக்கும் நடுவில் உள்ள இலையைப் பறியுங்கள். பழுத்த மஞ்சள் இலை வேண்டாம். நடுக்காம்பு வாயில் நார் நாராகத் தட்டும், அதை நீக்கிவிட வேண்டும். இலையோடு ஒட்டிய சிறு காம்பு இருந்தால் பரவாயில்லை, குழந்தைக்குச் சமைக்கும்போது மட்டும் அதையும் எடுத்துவிடுங்கள்.

எங்கே பறிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். காய்க்காகவே வளர்க்கிற தோட்டங்களில் புழுவுக்கும் காய் ஈக்கும் மருந்து அடிப்பார்கள். அந்தத் தழையைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். தோட்டத்துக்காரர்களே வீட்டுச் சமையலுக்கு என்று ஒரு மரத்தை மருந்து படாமல் ஒதுக்கி வைத்திருப்பார்கள், கேட்டுப் பறியுங்கள். நெடுஞ்சாலை ஓரத்து மரமும் வேண்டாம், அத்தனை புகையும் புழுதியும் அதன் மேல்தான் படிகிறது.

உருவிய பிறகு அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை அலசுங்கள். இலையைக் கையால் அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்தால் அடியில் நின்ற மண் திரும்ப இலைக்கே வந்துவிடும்.

அடுப்பில்

"வெந்து கெட்டது முருங்கை, வேகாமல் கெட்டது அகத்தி" என்பார்கள். எந்தப் புத்தகமும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. அதிக நேரம் வெந்தால் முருங்கை நிறம் மாறிக் கசக்கும், வைட்டமினும் போகும். பொரியலுக்கு நான் செய்வது இதுதான். இரும்புச்சட்டியில் இரண்டு ஸ்பூன் கடலெண்ணெய் ஊற்றி, கடுகு, உளுந்து, வரமிளகாய், இரண்டு பூண்டு தட்டிப் போட்டு, ஒரு கை சின்ன வெங்காயத்தை வதக்க வேண்டும். வெங்காயம் சுருண்டதும் கீரையை அள்ளிப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடாமல் கிளறினால் ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். கீரை சட்டி நிறைய இருக்கும்போது உப்புப் போட்டால் சுண்டிய பிறகு வாயில் வைக்க முடியாது, ஆகவே உப்புக் கடைசியில். வறுத்த நிலக்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துத் தூவி இறக்குங்கள். இறக்கி ஒரு நிமிடம் கழித்து அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள்.

அந்த எலுமிச்சையை அலங்காரமாக நினைத்து விட்டுவிடாதீர்கள். கீரையில் இருக்கிற இரும்பை உடம்பு இழுத்துக்கொள்ள வைட்டமின் சி துணை வேண்டும். சமைக்கும்போது கீரையின் சொந்த வைட்டமின் சி-யில் ஒரு பகுதி அழிந்துவிடுவதால் வெளியிலிருந்து கொடுக்கிறோம். எலுமிச்சை இல்லையா, ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு கொய்யா. இந்த மூன்றில் ஒன்றாவது எங்கள் பக்கம் எல்லா மாதமும் மலிவாகக் கிடைக்கிறது. எண்ணெயைக் கஞ்சத்தனமாக ஊற்றுவதும் தப்பு, பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சேரும். இரண்டு ஸ்பூன் போதும், ஆனால் இருக்க வேண்டும்.

அப்புறம் டீ, காபி. இதில் நான் யாரிடமும் சமரசம் செய்துகொண்டதில்லை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்கு விடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீயும் காபியும் வேண்டாம். காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் வெறும் டீயோடு கிளம்பி, பதினோரு மணிக்குச் சோற்றோடு மறுபடி டீ குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவேன்: "கண்ணு, சோத்தைத் தின்னுட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடி, டீ எங்கேயும் ஓடிப்போயிடாது." கீரைச் சோற்றில் தயிர் விட்டுப் பிசைவதையும் ரத்தசோகை உள்ளவர்கள் குறைத்துக்கொள்வது நல்லது, கால்சியமும் இரும்போடு போட்டி போடும். தயிரை வேறு வேளையில் சாப்பிடுங்கள்.

கேழ்வரகு அடை எனக்குப் பிடித்தது, எனக்குத் தெரிந்த ரத்தசோகைச் சாப்பாட்டில் இதற்கு ஈடு குறைவு. கேழ்வரகு மாவு இரண்டு கப், உருவிய இலை இரண்டு கப் தாராளமாக, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, கொஞ்சம் எள் சேர்த்து, சுடுதண்ணீர் தெளித்துப் பிசைந்து, வாழையிலையில் தட்டித் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் வேகவிடுங்கள். முடிந்தால் முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவைப் பயன்படுத்துங்கள். தானியத்தில் இரும்பைக் கட்டிப்போடுகிற ஃபைட்டேட் என்ற பொருள் முளைகட்டும்போது குறைகிறது. தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி அரைத்தால் அதிலும் கொஞ்சம் வைட்டமின் சி வரும். கம்பு மாவிலும் இதே அடை செய்யலாம், கம்பில் இரும்பு கேழ்வரகைவிடக் கூடுதல்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கீரை சமைக்கிற அன்று கொஞ்சம் நெத்திலிக் கருவாடோ மீனோ ஈரலோ ஒரு துண்டு கூட வையுங்கள். கறி, மீன் சேர்ந்த சாப்பாட்டில் கீரையின் இரும்பும் நன்றாக ஏறும். முட்டை உடைத்து ஊற்றிய முருங்கைப் பொரியல் புரதத்துக்கு நல்லது, குழந்தைகளும் விரும்பித் தின்பார்கள், ஆனால் இரும்பை ஏற்றுகிற வேலையை முட்டை செய்யாது.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் பாசிப்பருப்பும் அரிசியும் குழைய வேகும்போது, கடைசியில் ஒரு சிட்டிகை கொழுந்து இலையைப் பொடியாக நறுக்கிப் போட்டு, இரண்டு நிமிடத்தில் இறக்கி மசித்து, அரை ஸ்பூன் நெய் விட்டுக் கொடுங்கள். முதல் நாள் ஒரு ஸ்பூன் போதும். வயிறு ஒத்துக்கொள்வதைப் பார்த்து மெல்லக் கூட்டுங்கள்.

ராத்திரியில் கீரை வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வது செரிமானத்தை நினைத்துத்தான். நார்ச்சத்து அதிகம் என்பதால் சிலருக்கு வயிறு உப்பும். மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது யார் தட்டு என்ற கேள்விக்கு வருகிறேன். முருங்கைக்கீரை சமைத்தால் சுண்டிச் சுண்டி ஒரு கிண்ணம்தான் வரும். முதலில் மாமனாருக்கு, அப்புறம் புருஷனுக்கு, அப்புறம் பிள்ளைகளுக்கு, கடைசியில் சட்டியில் ஒட்டியிருப்பது மருமகளுக்கு. வீட்டிலேயே அதிக இரும்பு தேவைப்படுகிறவள் அவள்தான், மாதாமாதம் ரத்தம் போகிறது, பிள்ளை பெறுகிறாள், பால் கொடுக்கிறாள். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மாமியார்களிடம்தான் பேசுவேன், மருமகளிடம் பேசிப் பயனில்லை. "அக்கா, கீரையை இறக்கினதும் முதல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் எடுத்து மூடி வச்சிருங்க, அப்புறம் மத்தவங்களுக்குப் போடுங்க" என்று. பல வீடுகளில் கேட்டார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஆளுக்கு ஒரு கிண்ணம், வருஷம் முழுக்க. ஒரே வாரத்தில் தினமும் தின்றுவிட்டு விடுவதில் புண்ணியமில்லை.

பொடி

பச்சை இலை கிடைக்கும்போது பொடி தேவையே இல்லை. மார்கழி, தை குளிரில் மரம் இலை உதிர்த்து நிற்கும், அந்த மாதங்களுக்காகவும், ஊரைவிட்டு விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்காகவும்தான் நான் செய்வேன்.

அலசிய இலையை முதலில் துணியில் பரப்பித் தண்ணீர் வடியவிடுங்கள். பிறகு வெளுத்த வேட்டியை வீட்டுக்குள் விரித்து, ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் பரப்பி, மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். வெயில் படக்கூடாது, பீட்டா கரோட்டின் வெளிச்சத்தில் அழியும், இலையும் வெளுக்கும். காலை மாலை ஒருமுறை கையால் புரட்டிவிட வேண்டும். மூன்று நான்கு நாளில் இலை பச்சை நிறம் மாறாமல், கையில் கசக்கினால் மொறுமொறுவென்று தூளாகும். அதுதான் பதம். மழை நாளில் இந்த வேலையை எடுக்காதீர்கள், காய்வதற்குள் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வாசம் வந்த இலையைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். ஒரு கிலோ இலை காய்ந்தால் கால் கிலோகூட வராது. கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து இருட்டான அலமாரியில் வையுங்கள். மொத்தமாகச் செய்யாமல் இரண்டு மாதத்துக்கு ஆகிற அளவில் செய்யுங்கள்.

கடையில் வாங்கினால் பாட்டிலைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் வெயிலில் காய்ந்தது அல்லது பழசு. பொடியைச் சாம்பார், கஞ்சி, தோசை மாவு எதில் சேர்த்தாலும் அடுப்பை அணைக்கும் நேரத்தில் அல்லது ஊற்றும் நேரத்தில் சேருங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் போதும். எள்ளு, உளுந்து, வரமிளகாய் வறுத்து இதோடு சேர்த்து இட்லிப்பொடியாக அரைத்தால் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். விடுதிக்குக் கொடுத்தனுப்ப இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

மருந்தாக எந்த அளவுக்கு நம்பலாம்

மலச்சிக்கலுக்கு நம்பலாம், நார்ச்சத்து அந்த வேலையைச் செய்யும். கண் பார்வைக்கு நல்லது என்று பாட்டிகள் சொல்வது வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணைப் பொறுத்தவரை சரி. மற்றபடி கண்ணாடியைக் கழற்ற வைக்கிற சக்தி எந்தக் கீரைக்கும் இல்லை. பால் சுரக்க முருங்கை கொடுப்பது நம் வழக்கம். பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இதே வழக்கம் உண்டு, அங்கே மலுங்காய் என்று கூப்பிடுகிறார்கள். அங்கே நடந்த சிறிய ஆய்வுகளில் பால் அளவு கூடியதாகக் கண்டிருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு இது நல்ல சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள். குழந்தையை அடிக்கடி மார்பில் போடுவதுதான் பால் சுரக்க முதல் வழி என்பதையும் மறக்காதீர்கள்.

சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் இலையை வைத்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எல்லாம் சிறியவை. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பலம் அவற்றுக்கு இல்லை. சர்க்கரை மாத்திரையோடு நிறையப் பொடியும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை கீழே இறங்கிவிடவும் வாய்ப்பு உண்டு, ஆகவே உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, இலையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தோடு மோதும். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிற சிறுநீரக நோயாளிகள் கேட்காமல் சாப்பிட வேண்டாம். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் போடுகிறவர்கள் அதோடு முருங்கைப் பொடித் தண்ணீரைக் குடிக்காதீர்கள். காலையில் மாத்திரை, மதியம் கீரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேரும் பட்டையும் வேறு விஷயம். இலையும் காயும் பூவும் சாப்பாடு, வேரும் பட்டையும் சாப்பாடு இல்லை. வேரில் நரம்பைப் பாதிக்கிற பொருள்கள் உண்டு, கர்ப்பத்தைக் கலைக்கும் தன்மையும் அதற்கு உண்டு. கர்ப்பிணிகள் வேரையோ பட்டையையோ எந்த வடிவத்திலும் உட்கொள்ளக் கூடாது. மற்றவர்களும் முறையாகப் படித்த சித்த மருத்துவர் கொடுத்தால் தவிரத் தொடாதீர்கள். இதை நான் ஊரூராகச் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் அழுத்திச் சொல்கிறேன்.

முருங்கை விதை தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்பது உண்மைதான். விதைப்பருப்பை நசுக்கிக் கலக்கினால் அதிலுள்ள புரதம் கலங்கலைத் திரட்டி அடியில் படியவைக்கும். சூடானில் நைல் கரைக் கிராமத்துப் பெண்கள் இந்த வழியைக் கையாண்டிருக்கிறார்கள். ஆனால் தெளிந்த தண்ணீரில் கிருமி மிச்சம் இருக்கும். காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

கை எட்டும் உயரத்தில் ஒரு மரம்

கீரைக்கு என்றால் போத்து நடுவதுதான் சுலபம். மணிக்கட்டுத் தடிமனில் மூன்று நான்கு அடி நீளக் கிளையை வெட்டி, ஒன்றரை அடி ஆழக் குழியில் மக்கிய தொழுவுரமும் மண்ணும் கலந்து நட்டு, மேல் நுனியில் பசுஞ்சாணத்தை உருண்டையாக அப்பிவிடுங்கள், நுனி காயாமல் இருக்கும். தண்ணீர் தேங்குகிற இடம் வேண்டாம், வேர் அழுகிவிடும். விதை போட விரும்பினால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989இல் வந்த பி.கே.எம்.-1 இருக்கிறது, ஆறு மாதத்தில் காய்க்கும். எங்கள் பக்கத்துச் செடிமுருங்கைத் தோட்டங்களில் பெரும்பாலும் இதுதான்.

செடி இரண்டரை அடி வந்ததும் கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை பிரியும். வளர்ந்த பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை இடுப்புயரத்தில் வெட்டிவிட்டால் புதுத் துளிர் கொத்தாக வரும், அந்த வீட்டுப் பெண் யாரையும் கேட்காமல் நின்ற இடத்திலிருந்தே பறித்துக்கொள்ளலாம். உயரமாக விட்டால் ஆண்பிள்ளை வந்து ஏறிப் பறிக்கக் காத்திருக்க வேண்டும். முருங்கைக் கிளை ஒரு நொடியில் முறியும், அதில் ஏறி விழுந்து இடுப்பு ஒடிந்தவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகளை ஏற விடாதீர்கள்.

கம்பளிப்பூச்சிக்குப் பயந்து மரத்தையே வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டாதீர்கள். மழைக்குப் பிறகு வரும், ராத்திரி இலை தின்னும், பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும். அந்த நேரத்தில் நீளக் குச்சியில் துடைப்பத்தைக் கட்டி, சோப்புத் தண்ணீர் வாளியில் வழித்துவிட்டால் போதும். முடி உடம்பில் பட்டால் சொறியாமல், ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்தெடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மரம் வளரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு இல்லை. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே என்றால் ரத்தசோகை. குடற்புழு மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள், வெறுங்காலோடு காட்டில் நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தால் எந்தக் கீரையும் ஏறாது. மாத்திரையும் கீரையும் ஒழுங்காகச் சாப்பிட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் வேறு காரணம் இருக்கிறது, அதிக உதிரப்போக்கோ வேறு நோயோ இருக்கலாம், உடனே டாக்டரிடம் போங்கள். போகும்போது என்னென்ன மாத்திரை, என்னென்ன பொடி சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.